பாட்டு, படம் இரண்டுக்கும் ஒரே சப்வூஃபர்: சீல்டா, போர்ட்டடா?

சப்வூஃபர் (சுருக்கமாக சப்) என்பது தாழ்ந்த ஒலிக்கான, அதாவது பேஸுக்கான ஸ்பீக்கர். சீல்டு என்றால் முழுக்க மூடிய பெட்டி; போர்ட்டட் என்றால் காற்றுத் துளை (போர்ட்) உள்ள பெட்டி. 14 அடி நீள அறைக்கு எது வாங்கலாம் என்பது கேள்வி. கதவு மூடிய அறை என்றால் 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள சீல்டு பெட்டியைத்தான் சொல்வேன்.

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த சுருதி சுமார் 41 ஹெர்ட்ஸ். பெரும்பாலான பாட்டுகளில் அதற்குக் கீழே அதிகம் இருக்காது. படத்தின் வெடிச்சத்தமோ 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அங்கே போர்ட்டட் பெட்டி கூடுதல் சத்தம் தரும். ஆனால் போர்ட்டின் ட்யூனிங்குக்கு (போர்ட் ஒத்து அதிரும் அதிர்வெண்ணுக்கு) கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபல் வீதம் சரிந்துவிடும். சீல்டில் 12 டெசிபல்தான். சிறிய மூடிய அறை தாழ்ந்த ஒலியைத் தானே தூக்கிக் கொடுப்பதால் அந்தச் சரிவு ஓரளவு ஈடாகும். பெரிய திறந்த ஹாலுக்குப் போர்ட்டடே சரி.

"பாட்டுக்கு பேஸ் கொழகொழன்னு இருக்கு" என்ற புகாருக்குப் பெரும்பாலும் அறைதான் காரணம். 14 அடி நீளத்தில் 40 ஹெர்ட்ஸ் அருகே ஒலி வீங்கும், அதாவது பேஸ் கிட்டாரின் அடிச்சுருதியிலேயே. அதனால் இடம் தேடப் பொறுமை வேண்டும்: நீங்கள் உட்காரும் இடத்தில் சப்பை வைத்து, பேஸ் நன்றாக ஓடும் பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எல்லாச் சுருதியும் சமமாகக் கேட்கும் இடமே சப்புக்கான இடம்.

ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி, அவற்றின் தாழ்ந்த ஒலியை சப்புக்குப் பிரித்தனுப்பும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்பின் பின்பக்கக் கிராஸ்ஓவர் திருகை உச்சத்திலேயே விடவும்; ரிசீவரின் வடிகட்டியும் சப்பின் வடிகட்டியும் சேர்ந்தால் இடையில் பள்ளம் விழும். படத்துக்குச் சப்பின் சத்தத்தை 3 டெசிபல் கூட்டினால், பாட்டுக்கு மறக்காமல் இறக்குங்கள்.