தகவல் கோட்பாடு: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

இசிஇ முடித்துவிட்டு இந்த ஆண்டு எம்.டெக். கம்யூனிகேஷனில் சேர்ந்திருக்கிறேன். விருப்பப் பாடமாக இன்ஃபர்மேஷன் தியரி எடுக்கலாமா என்று யோசனை. ஹஃப்மேன் கோடிங், சானல் கெப்பாசிட்டி கணக்கெல்லாம் பி.இ.யிலேயே போட்டவன்தான். ஆனால் சீனியர்கள், “முழுக்க நிரூபணம், மார்க் வராது” என்கிறார்கள். இதைப் படித்தால் வேலைக்கு உதவுமா? எப்படித் தயாராவது?

க.

அன்புள்ள க.,

முழுக்க நிரூபணம் என்பது உண்மைதான். எடுக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

பி.இ.யில், அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டையான குறியீடு தரும் ஹஃப்மேன் மரம் வரைந்து, குறியீட்டின் சராசரி நீளம் கண்டுபிடித்து, விடைக்குக் கீழே கோடு போட்டால் முடிந்தது. (அந்த ஹஃப்மேன், எம்ஐடியில் ஃபேனோவின் வகுப்பில் இறுதித் தேர்வுக்குப் பதில் கட்டுரை தரலாம் என்றதால் இந்த முறையைக் கண்டுபிடித்த மாணவர். நாமோ அதைத் தேர்வுக்கு உருப்போடுகிறோம்.)

நூறு பிட் அனுப்பினால் சராசரியாகப் பதினொன்று தலைகீழாகிவிடும் (0 என்பது 1 ஆகவும், 1 என்பது 0 ஆகவும்) ஒரு சானலை, அதாவது தகவல் போகும் வழியை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிட்டையும் மூன்று முறை அனுப்பி, பெரும்பான்மையை ஏற்றால் பிழை சுமார் 3.4 சதவீதமாகக் குறையும். வேகமும் மூன்றில் ஒரு பங்காகும். ஐந்து முறை, ஏழு முறை என்று போனால் வேகம் தேய்ந்துகொண்டே போகும். பிழையே கூடாதென்றால் வேகமும் பூஜ்யம் என்றுதான் நமக்குத் தோன்றும். 1948இல், இந்தத் துறையைத் தொடங்கிவைத்த ஷானன் அப்படியில்லை என்று காட்டினார். இந்தச் சானலின் கெப்பாசிட்டி, அதாவது நம்பி அனுப்பக்கூடிய வேகத்தின் உச்சவரம்பு, ஏறக்குறைய 0.5. பாதி வேகத்துக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டு, நீளமான தொகுதிகளாகக் கோட் செய்தால் (பிழையைத் திருத்த உதவும் கூடுதல் பிட்களோடு மாற்றி எழுதினால்) பிழையை வேண்டுமளவு குறைக்கலாம். சூத்திரத்தில் 0.11ஐப் போட்டு 0.5 எடுப்பது பி.இ. அது ஏன் என்பது எம்.டெக்.

அதை அவர் நிறுவிய விதம்தான் அழகு. நல்ல கோட் ஒன்றையும் அவர் கட்டிக் காட்டவில்லை. தற்செயலாகக் கோடுகளை உருவாக்கி, அத்தனைக்கும் சேர்த்துப் பிழையின் சராசரியைக் கணக்கிட்டார். சராசரியே மிகச் சிறியது என்றால், அதைவிட மோசமில்லாத ஒரு கோடாவது உள்ளே இருந்தாக வேண்டும். வகுப்பின் சராசரி 90 என்றால், 90க்குக் குறையாமல் வாங்கியவர் ஒருவராவது இருப்பார் அல்லவா? முதல் வாசிப்பில் ஏமாற்று வேலை போலத்தான் இருக்கும். இருக்கிறது என்கிறார், எங்கே என்று சொல்லவில்லையே!

தேடிப்பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. காலகர் 1960களின் தொடக்கத்தில் முன்வைத்த எல்டிபிசி கோடுகள் நெடுங்காலம் கிடப்பில் இருந்தன. 1993இல் டர்போ கோடுகள் வந்த பிறகுதான் அவற்றின் பக்கம் கவனம் திரும்பியது. 2009இல் துருக்கியின் அரிகான் போலார் கோடுகளை வெளியிட்டார். இன்று 5ஜியில் தரவுக்கு எல்டிபிசி, கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போலார். வேலையைப் பற்றிக் கேட்டீர்களே, மோடம் சிப் வடிவமைப்பவர்களுக்கு இதெல்லாம் அன்றாடச் சோறு. மெஷின் லேர்னிங் பக்கம் போனாலும், கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் கிராஸ் என்ட்ரோபி உங்களை விடாது.

தயாரிப்பு என்றால் நிகழ்தகவுதான். பெரும் எண்களின் விதி, செபிஷெவ், ஜென்சன் சமனின்மைகள் கைவசம் இருக்கட்டும். அதில் தடுமாற்றம் என்றால் இந்த செமஸ்டர் ராண்டம் ப்ராசஸ் எடுங்கள், அடுத்ததில் இது. புத்தகம் கவர், தாமஸ் எழுதியது போதும். படித்தால் மட்டும் ஆகாது, பயிற்சிக் கணக்குகளைப் போட வேண்டும்.

அப்புறம், ஒரு சின்ன வேலை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1963இலேயே தமிழ் உரைநடையின் என்ட்ரோபியை, அதாவது எழுத்துக்குச் சராசரியாக எத்தனை பிட் தகவல் என்பதை, கணக்கிட்டுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். நீங்களும் ஒரு நிரல் எழுதிப் பாருங்கள். ‘கி’யை ஓர் எழுத்தாக எண்ணுவதா, க், இ என்று பிரிப்பதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்த முடிவைப் பொறுத்து எழுத்துக்கு இத்தனை பிட் என்ற விடை மாறும். ஆனால் முன்பின் எழுத்துகளின் தொடர்பையும் முழுதாகக் கணக்கில் எடுத்தால், பக்கத்துக்கு இத்தனை பிட் என்பது மாறக்கூடாது. ஏன் என்று நிறுவி எழுதுங்கள்.