நடிகை என்று சொன்னார்கள்: வாசகர் கேள்வி பதில்

வாசகி, தேனி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். டிசம்பர் 5-ம் தேதி தெருமுனையில் ஜெயலலிதா படத்துக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "எம்.ஜி.ஆர். கூட நடிச்சாங்க, அதனால முதலமைச்சர் ஆயிட்டாங்க, அவ்வளவுதானேம்மா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. என்ன சொல்வது?

அவ்வளவுதான் இல்லை என்று சொல்லுங்கள், தயங்காமல் சொல்லுங்கள். எம்.ஜி.ஆர். இல்லையென்றால் அவர் அரசியலுக்கே வந்திருக்க மாட்டார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கதவைத் திறந்து விட்டவர் ஒருவர், உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் மீறி நின்று காட்டியவர் வேறொருவர்.

வருடங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து நடித்தது 28 படங்கள், கடைசிப் படம் 'பட்டிக்காட்டுப் பொன்னையா', 1973. அவர் அ.தி.மு.க.வில் சேர்ந்தது 1982. நடுவில் ஒன்பது வருடம்! அதற்குள் அம்மா சந்தியா இறந்து (1971) தனியாகிவிட்டிருந்தார், ஒரே வருடத்தில் ஏழெட்டுப் படம் என்று ஓடிக்கொண்டிருந்தவருக்குப் படங்கள் குறைந்து 1980-ல் நின்றே போயின, போயஸ் கார்டன் வீட்டில் புத்தகங்களோடு இருந்தார், பத்திரிகைகளில் எழுதினார். அங்கிருந்துதான் கடலூர் மாநாட்டு மேடைக்கு வந்து பெண்ணின் பெருமை பற்றிப் பேசினார். அடுத்த வருடம் கொள்கை பரப்புச் செயலாளர், 1984-ல் மாநிலங்களவை உறுப்பினர். வேகமாகத்தான் ஏறினார், அந்த வேகமே கட்சியின் மூத்தவர்களுக்குப் பிடிக்கவில்லை, இடையில் கொள்கை பரப்புச் செயலாளர் பதவி பறிபோய்த் திரும்பவும் வந்தது.

அப்புறம் 1987 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். உடல் ராஜாஜி ஹாலில் வைக்கப்பட்டிருந்தபோது, தலைமாட்டில் அவர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டு நாள், மணிக்கணக்கில், நகரவே இல்லை. இறுதி ஊர்வலத்தில் பீரங்கி வண்டியில் ஏறப்போனவரைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். எந்த உறவும் இல்லை, எந்த உரிமையும் இல்லை என்று ஊரறியச் சொன்ன தள்ளல் அது. அவர் அழுதுகொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தால் இன்று நாம் அவரைப் பழைய பாட்டுகளில் மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம்.

உங்கள் மகளின் கேள்விக்கு நேரான பதில் இதற்குப் பிறகுதான் வருகிறது. எம்.ஜி.ஆருடன் சேர்ந்து நடித்தவர் என்ற பெயர் ஜானகி அம்மையாருக்கும் உண்டு, கூடவே மனைவி என்ற உரிமை, அதற்கு மேல் முதலமைச்சர் நாற்காலி, எல்லாமே இருந்தது. தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் அவர்தான். அந்த ஆட்சி 1988 ஜனவரியில் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கட்சி இரண்டாக உடைந்து இரட்டை இலையை முடக்கிவிட்டார்கள். 1989 தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். எம்.ஜி.ஆர். கடைசியாக நின்று ஜெயித்த அதே ஆண்டிபட்டியில் ஜானகி அம்மையார் தோற்றார். ஜெயலலிதா போடிநாயக்கனூரில் ஜெயித்தார், அவர் அணிக்கு 27 இடம். நீங்கள் தேனிக்காரர், இரண்டு தொகுதியும் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வெறும் எம்.ஜி.ஆர். பாசத்துக்காக ஓட்டுப் போடுவதென்றால் ஜனங்கள் அன்று ஜானகிக்குத்தான் போட்டிருக்க வேண்டும். அவர்கள் வேறு எதையோ பார்த்தார்கள், இந்தப் பெண் ஓட மாட்டாள் என்பதைப் பார்த்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். (ஜானகி அம்மையார் அதன் பிறகு கசப்பில்லாமல் விலகிக்கொண்டதால்தான் கட்சியும் இரட்டை இலையும் ஒன்றாகத் திரும்பி வந்தன. அந்தப் பெருந்தன்மையை யாரும் இப்போது பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.)

வாசகர், விழுப்புரம்: சினிமா அனுபவம் அவருக்கு அரசியலில் உதவியதா, இடைஞ்சலா?

இரண்டும். உதவியது எது என்றால், பெரும்பாலானவர்கள் முகமும் புகழும் என்பார்கள், நான் மனப்பாடம் என்பேன். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு வந்த பெண். சர்ச் பார்க் பள்ளியில் நன்றாகப் படித்தவர், மேலே படிக்க ஆசை இருந்தும் வீட்டுச் சூழ்நிலை விடவில்லை. 1964-ல் கன்னடம், 1965-ல் 'வெண்ணிற ஆடை' மூலம் தமிழ், அதே வருடம் தெலுங்கு, 1968-ல் தர்மேந்திராவோடு ஓர் இந்திப் படம். பக்கம் பக்கமாக வசனத்தை ஒரே மூச்சில் மனதில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. டெல்லிக்குப் போனபோது ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேச முடிந்தது, தமிழ்நாட்டு அரசியல்வாதிகளில் அது எத்தனை பேருக்கு முடிந்தது?

கூட்டத்தில் எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் ஜனங்கள் பதில் சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். 2014 பிரசாரத்தில் "செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?" என்று அவர் கேட்டதையும் கூட்டம் பதிலுக்குக் கத்தியதையும் மறக்க முடியுமா? தாளைப் பார்த்துப் படித்தார் என்று கேலி செய்தவர்கள் உண்டு. படித்தார்தான், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

இடைஞ்சல் என்றால் அந்த ஒரு வார்த்தைதான், "நடிகை". எம்.ஜி.ஆர். நடிகர்தான். ஜெயலலிதாவை எதிர்த்து மேடையில் பேசியவர்களில் பாதிப்பேர் நாடகமோ சினிமாவோ எழுதி வந்தவர்கள். அவர்களுக்கெல்லாம் அது பெருமை, அவருக்கு மட்டும் அது வசவு. எண்பதுகளில் தொடங்கி அவரைப் பற்றி மேடைகளில் என்னென்ன பேசினார்கள் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன், இது எல்லோரும் படிக்கும் பத்திரிகை. 1989 மார்ச் 25-ம் தேதி சட்டசபையில் பட்ஜெட் அன்று நடந்த கைகலப்பில் தன் சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்றார் அவர், எதிர்த்தரப்பு இல்லவே இல்லை என்றது. தலைமுடி கலைந்து வெளியே வந்தவர், இனி முதலமைச்சராகத்தான் உள்ளே வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். 1991 ஜூன் 24-ம் தேதி பதவியேற்றார். அவருடைய அரசியலில் எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இருக்கும் உறுதியை எந்தப் பெண்ணிடம் சொன்னாலும் அவளுக்குப் புரியும்.

வாசகர், திருவாரூர்: அவர் சொந்தக் குரலில் பாடியிருக்கிறாரா?

நன்றாகவே பாடியிருக்கிறார். 1969-ல் வந்த 'அடிமைப் பெண்' படத்தில் கே.வி.மகாதேவன் இசையில் 'அம்மா என்றால் அன்பு'. பிற்காலத்தில் ஊரே அவரை அம்மா என்று கூப்பிடப்போகிறது என்று அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் யாருக்குத் தெரிந்திருக்கும்!

வாசகர், தர்மபுரி: சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை பெற்றவரை நினைவுகூர்வதில் என்ன நியாயம்? நீங்கள் கட்சிக்காரரா?

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. உங்கள் கோபம் நியாயமானது, அதிலும் உங்கள் ஊரிலிருந்து வருவதால் அதன் பாரம் எனக்குத் தெரிகிறது. 2000 பிப்ரவரி 2-ம் தேதி, ஒரு வழக்கில் அவருக்குத் தண்டனை என்று செய்தி வந்த அன்று, தர்மபுரி இலக்கியம்பட்டியில் கல்லூரிச் சுற்றுலா பஸ்ஸைக் கட்சிக்காரர்கள் கொளுத்தினார்கள், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே எரிந்துபோனார்கள். அவரைப் பற்றி எழுதும் யாரும் அந்த மூன்று பிள்ளைகளைத் தாண்டிப் போகக் கூடாது. கொளுத்தச் சொன்னவர் அவர் இல்லை. ஆனால் தலைவிக்காக எதையும் செய்யலாம் என்ற வெறி எங்கே வளர்ந்தது? காலில் விழுவதே அரசியல் என்று ஆனபோது வளர்ந்தது, அதை அவர் தடுக்கவில்லை.

சொத்துக் குவிப்பு வழக்கையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். 1991 முதல் 1996 வரை ஆட்சியில் இருந்தபோது வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்தார் என்பது வழக்கு. 2014 செப்டம்பர் 27-ம் தேதி பெங்களூரு தனி நீதிமன்றம் நான்கு வருடச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது, பதவி போனது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது, திரும்பவும் முதலமைச்சர் ஆனார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து கீழ்க் கோர்ட் தீர்ப்பை உறுதிசெய்தபோது அவர் உயிரோடு இல்லை. 1995-ல் வளர்ப்பு மகன் கல்யாணம் நடந்த ஆடம்பரத்தை நேரில் பார்த்த சென்னைவாசிகள் யாருக்கும் அடுத்த வருடத் தேர்தல் முடிவு ஆச்சரியமாக இருந்திருக்காது, பர்கூரில் அவரே தோற்றார். 2003-ல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களை லட்சக்கணக்கில் ஒரேயடியாக நீக்கியதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, இத்தனைக்கும் பிறகு ஏன் நினைவுகூர வேண்டும் என்றால், நினைவுகூர்வது என்பது மாலை போடுவது மட்டும் இல்லையே. அவரை மறந்துவிட்டால் இந்தத் தவறுகளும் சேர்ந்தே மறந்துபோகும், அது உங்களுக்கும் சம்மதமாக இருக்காது.

வாசகி, உசிலம்பட்டி: அவர் கொண்டுவந்த திட்டங்களில் உங்களுக்கு எது பெரிதாகத் தெரிகிறது?

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் நான் யோசிக்கவே வேண்டியதில்லை. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம். பெண் பிள்ளை பிறந்தால் கள்ளிப்பால் என்று இருந்த நாட்கள் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொல்லாதீர்கள், வளர்க்க முடியவில்லையென்றால் இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், யார் என்ன என்று கேட்க மாட்டோம் என்று ஓர் அரசாங்கம் சொன்னது. பிள்ளையைக் கைவிடுவதை இது சுலபமாக்குகிறது என்று அன்றே எதிர்த்துச் சொன்னார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் தொட்டில் வைத்துவிட்டால் வரதட்சணை போய்விடாது. ஆனால் அந்தத் தொட்டிலில் கிடந்து எழுந்த பெண்களில் மூத்தவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும், அவர்களிடம் போய் அந்த வாதத்தைச் சொல்ல எனக்கு மனம் வராது.

அதே வருடம் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். புருஷன் அடித்தான் என்று ஆண் போலீஸ்காரரிடம் நின்று சொல்ல முடியாமல் திரும்பி வந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 1993-ல் தனிச் சட்டம் போட்டு, 1994-ல் கோர்ட் எளிதில் கை வைக்க முடியாத அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்க வைத்தது தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் படிப்பையே காப்பாற்றிய வேலை. மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதைப் பலரும் முதலில் திட்டினார்கள், கிணற்றில் தண்ணீர் ஏறியதும் சும்மா இருந்துவிட்டார்கள். 2013-ல் அம்மா உணவகம், இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். ஆட்சி மாறிய பிறகும் அதை மூட முடியவில்லை. அங்கே சமைப்பதும் பரிமாறுவதும் சுயஉதவிக் குழுப் பெண்கள் என்பது எனக்கு இட்லியை விடப் பிடித்த விஷயம்.

வாசகர், சென்னை-5: அவர் இறந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

வீட்டில்தான். 2016 செப்டம்பர் 22-ம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனவர், 75 நாள், டிசம்பர் 5-ம் தேதி ராத்திரி பதினொன்றரை மணி. மறுநாள் டிவியில் ராஜாஜி ஹால் படிக்கட்டைக் காட்டினார்கள். 29 வருடத்துக்கு முன்னால் அவர் நின்ற அதே இடம், இப்போது கிடத்தியிருந்தது அவரை. எனக்கு அந்த நிமிடம் வேறு எதுவும் தோன்றவில்லை, தலைமாட்டில் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்தேன். கடைசியில் மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிடத்திலேயே அடக்கம் செய்தார்கள். வண்டியிலிருந்து தள்ளிவிட்டவர்கள் அதை நினைத்துப் பார்த்தார்களா, தெரியாது.

வாசகி, ஈரோடு: நடிப்பிலிருந்து அரசியலுக்கு வந்த முதல் பெண் அவர்தானா?

இல்லை, உங்கள் மாவட்டத்துக்காரரை விட்டுவிட்டீர்களே! கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். ரயிலில் பாடிக்கொண்டிருந்த ஏழைச் சிறுமி, நாடக மேடைக்குப் போய், நாடக நடிகரும் தன் கணவருமான எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து தமிழ்நாட்டையே பாட்டால் ஆட்டிவைத்தார். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு இருபத்தைந்து வயதுதான், அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. 1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்து ஒரு லட்சம்! காங்கிரசுக்காக மேடை மேடையாகப் பாடி ஓட்டுக் கேட்டார், மேலவை உறுப்பினரும் ஆனார். சட்டம் இயற்றும் சபைக்குள் போன முதல் திரைக்கலைஞர் இந்த நாட்டிலேயே அவர்தான் என்று சொல்வார்கள். அவரைப் பற்றி நான்கு வரியில் எழுதுவது பாவம், அடுத்த இதழில் அவருக்கென்றே இடம் ஒதுக்குகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அவர் பாடக் கேட்டிருந்தால் அதற்குள் எழுதி அனுப்புங்கள்.