மகளின் கையெழுத்தும் ஷூ நிறுவனத்தின் ஒப்பந்தமும்

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. அமெரிக்காவிலேயே பிறந்தவள், இங்கே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் தேசிய அளவிலான கல்லூரிப் போட்டிகள் வரை போகிறாள். விளையாட்டு உதவித்தொகையில்தான் படிப்பு நடக்கிறது. ஒரு ஷூ நிறுவனம் ஆண்டுக்கு 60,000 டாலர் என நான்கு ஆண்டுக்கு ஒப்பந்தம் தர முன்வந்திருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் போன வாரம் கைப்பேசியிலேயே ஒரு படிவத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். "இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது" என்கிறார் என் கணவர். எனக்கோ படிப்பு பாதியில் நின்றுவிடுமோ என்ற பயம். பெற்றோராக நாங்களும் கையெழுத்திட வேண்டுமா? என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஷூ நிறுவனம் காத்திருக்கட்டும். முதலில் அந்தக் கைப்பேசிப் படிவத்தை எடுங்கள். அதன் முழுப் பிரதியை அச்சிட்டுக் கடைசி வரி வரை படியுங்கள். அது விளம்பர வாய்ப்புகளுக்கு மட்டுமான ஏஜென்ட் ஒப்பந்தமா, அல்லது தொழில்முறை வீராங்கனையாக உங்கள் மகளின் எல்லா விவகாரங்களுக்கும் அந்த நபரே பிரதிநிதி என்கிறதா? முதல் வகையைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ அனுமதிக்கிறது. இரண்டாவது வகை என்றால், ஒரு டாலர்கூடக் கைக்கு வராத நிலையிலும், அந்தக் கையெழுத்தே கல்லூரி அணிக்காக ஓடும் தகுதியைப் பறித்துவிடக்கூடும்.

நீங்கள் இருக்கும் மாநிலம் எது என்று எழுதவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விளையாட்டு ஏஜென்ட்டுகள் குறித்த பொது மாதிரிச் சட்டத்தை ஏதோ ஒரு வடிவில் ஏற்றிருக்கின்றன. அதன்படி, மாணவரின் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்க வேண்டும். கையெழுத்திட்டால் போட்டித் தகுதியை இழக்க நேரலாம். 72 மணி நேரத்துக்குள், அதற்குள் போட்டி வந்தால் போட்டிக்கு முன்பே, பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநருக்கு மாணவரும் ஏஜென்ட்டும் தகவல் தர வேண்டும். 14 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ரத்து செய்தாலும் தகுதி திரும்பக் கிடைக்காமல் போகலாம். இத்தனையும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கும் உரிமை உங்கள் மகளுக்கு உண்டு. 21 வயதுப் பெண்ணிடம், படிக்க ஒரு நாள்கூட அவகாசம் தராமல் கைப்பேசியில் கையெழுத்து வாங்கிய மனிதரை நான் நம்ப மாட்டேன். அவர் மாநிலத்தில் பதிவு பெற்றவரா என்றும் விசாரியுங்கள்.

72 மணி நேரம் கடந்துவிட்டது, 14 நாட்களில் பாதியும் போயிருக்கும். எனவே இதைப் படித்த அன்றே மகள் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் (compliance office) போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். ரத்து செய்வதானால் எழுத்தில், தேதியுடன். பதில் வரும்வரை அணிக்காக ஓட வேண்டாம். தகுதி இழந்தவர் ஓடியது பின்னால் தெரியவந்தால் அவருடைய முடிவுகளோடு அணியின் முடிவுகளும் ரத்தாகலாம். கூட ஓடிய பெண்களுக்கும் அது அநியாயம்.

இனி உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். பணம் வேண்டுமென்றால் கல்லூரியை விட வேண்டும் என்ற நிலை 2021 ஜூலை 1 அன்றே மாறிவிட்டது. அன்று முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம். என்சிஏஏவின் முதல் பிரிவுப் (Division I) பல்கலைக்கழகங்களில் 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள வெளி ஒப்பந்தங்களை 2025 ஜூலை முதல் பதிவுசெய்து ஒப்புதல் பெற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் "இந்த நேரத்துக்குள் ஓடினால் இவ்வளவு, பதக்கம் வாங்கினால் இவ்வளவு" என்று பேசினால் அது விளம்பர ஒப்பந்தம் ஆகாது, தொழில்முறை ஒப்பந்தம். உங்களிடம் வந்திருப்பது எது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கே வேறு ஷூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தால் மோதல் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். (மகள் குடியுரிமை உள்ளவர் என்பதால் இதைச் சொல்கிறேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் எந்தப் பணத்தையும் தொடக்கூடாது.)

தொழில்முறை ஒப்பந்தம்தான் என்றால், 60,000 என்ற எண்ணை மறந்துவிட்டு "குறைப்பு" என்ற தலைப்பில் உள்ள பத்தியைத் தேடுங்கள். ஓட்டத் துறை ஒப்பந்தங்களின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. உலகத் தரவரிசையில் இத்தனையாவது இடத்துக்குள் வராவிட்டால், ஆண்டில் இத்தனை போட்டி ஓடாவிட்டால், இத்தனை நாள் தொடர்ந்து களமிறங்காவிட்டால் சம்பளம் இவ்வளவு சதவீதம் குறையும் என்று எழுதியிருப்பார்கள். தொலைதூரம் ஓடும் இளம் பெண்களுக்குக் காலெலும்பில் அழுத்த முறிவு (stress fracture) வருவது அரிதல்ல. ஒரு முறிவுக்கு 50 சதவீதக் குறைப்பு என்றால் கையில் 30,000தான். காயத்துக்கு விலக்கு கேளுங்கள். முதல் ஆண்டில் குறைப்பே கூடாது என்று கேளுங்கள். கர்ப்ப காலத்தையும் இப்போதே எழுத்தில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அலிசியா மொன்டானோ, அலிசன் ஃபெலிக்ஸ் போன்ற அமெரிக்க ஓட்ட வீராங்கனைகள் 2019இல் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் நைக் நிறுவனம், கர்ப்பத்தைக் காரணம் காட்டி 18 மாதங்களுக்குச் சம்பளத்தைக் குறைப்பதில்லை என்று தன் ஒப்பந்தங்களை மாற்றியது.

அடுத்தது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் துரத்தும் ஷரத்து. வேறு நிறுவனம் தரும் தொகையைத் தாங்களும் தருவதாகச் சொல்லி வீரரைத் தக்கவைக்கும் உரிமை அது. 800 மீட்டர் வீரர் போரிஸ் பெரியன் மீது 2016இல் நைக் இதை வைத்துத்தான் வழக்குத் தொடுத்தது. போட்டி நிறுவனமான நியூ பேலன்ஸ் அவருக்கு முன்வைத்த சலுகையில் குறைப்பு ஷரத்துகள் இல்லை. நைக் குறைப்புகளோடு அதே தொகையைத் தந்தால் அது சமமா என்பதே வாதம். ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது, நைக் அல்லாத ஷூவில் ஓட அவருக்கு நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. பிறகு நைக் வழக்கை வாபஸ் பெற்றது. அந்த வாரங்களில் அந்த இளைஞர் பட்ட பாட்டை உங்கள் மகள் படக்கூடாது. அந்த உரிமையை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், "எல்லா நிபந்தனைகளும் அப்படியே, குறைப்பின்றி" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

பணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இது சம்பள வேலை அல்ல, சுயதொழில் வருமானம். ஏஜென்ட் வழக்கமாக எடுக்கும் 15 சதவீதம் 9,000 டாலர். மீதியில் சுயதொழில் வரி சுமார் 7,200. வருமான வரி, பயிற்சியாளர், உடலியக்க மருத்துவர், பயணம் எல்லாம் அதற்கு மேல். வரியை ஆண்டுக்கு நான்கு தவணையாக மகளே கட்ட வேண்டும். உங்கள் மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை அவரை வைத்திருக்கலாம் என்பது ஒரு நிம்மதி.

உங்கள் பயத்துக்கும் மருந்து ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தொழில்முறைக்கு மாறினால் விளையாட்டு உதவித்தொகையை நம்பியிருக்க முடியாது. ஆனால் பட்டம் முடியும்வரை கல்விக் கட்டணத்தை நிறுவனமே செலுத்தும் என்று சேர்க்கச் சொல்லலாம். இது புதுமையான கோரிக்கை அல்ல, பல வீரர்கள் பெற்றிருக்கிறார்கள். காயத்தால் ஒப்பந்தம் முறிந்தாலும் இந்தக் கடமை தொடரும் என்ற வரியும் வேண்டும்.

கையெழுத்து உங்கள் மகளுடையது மட்டுமே. 21 வயதானவருக்காகப் பெற்றோர் கையெழுத்திடத் தேவையில்லை, உத்தரவாதம் தரும் இடத்திலும் போடாதீர்கள். ஒப்பந்தத்தை ஒரு விளையாட்டுச் சட்ட வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவராக, ஏஜென்ட்டோடு தொடர்பில்லாதவராக இருக்கட்டும். ஆனால் கல்லூரித் தகுதியைக் காப்பாற்ற நினைக்கும்வரை அவர் படித்து விளக்கம் தருவதோடு நிற்க வேண்டும். தொழில்முறை ஒப்பந்தத்துக்காக அவர் நிறுவனத்தோடு பேரம் பேசினால் அவரையும் ஏஜென்ட்டாகவே என்சிஏஏ எடுத்துக்கொள்ளக்கூடும்.