கார்பன் ஃபைபர் பின்பம்பர்: எங்கே வலுவூட்டுவது, எங்கே விட்டுக்கொடுப்பது

கேள்வி: என் காருக்குக் கார்பன் ஃபைபரில் செய்த பின்பம்பர் ஒன்றைத் தனியாக வாங்கினேன். வைத்துப் பார்த்ததில் ஓரத் துளைகள் சில பிராக்கெட்டுகளோடு நேர்வரவில்லை. மேல் விளிம்பு மிக மெல்லியதாக இருக்கிறது. ஒரு துளையைச் சுற்றி முடியிழை போல ஒரு வெடிப்பும் தெரிகிறது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டால் பம்பர் நன்றாக உட்காரும், மீதி இடைவெளியை ஸ்க்ரூ போட்டு இழுத்துவிடலாம், பின்புறம் முழுக்க ஃபைபர் மேட் ஒட்டினால் வலுவாகிவிடும் என்கிறார் பொருத்துபவர். காரில் பார்க்கிங் சென்சாரும், பக்கவாட்டில் வரும் வண்டியை எச்சரிக்கும் ரேடாரும் உண்டு. அவர் சொல்வது போலச் செய்யலாமா?

பதில்: மூன்று யோசனைகளையும் ஏற்க வேண்டாம். முதலாவது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பம்பர் என்று நாம் வெளியில் பார்ப்பது ஓர் உறை மட்டுமே. அதற்குப் பின்னால் மோதலின் விசையை வாங்கிக்கொள்ளும் நுரைப்பட்டையும், அதற்கும் பின்னால் காரின் உடற்சட்டத்தோடு போல்ட் போட்டு இணைத்த எஃகு அல்லது அலுமினியக் குறுக்குச் சட்டமும் இருக்கின்றன. பின்னால் வரும் வண்டி இடித்தால் தாங்குவது அந்தக் குறுக்குச் சட்டம்தான். நீங்கள் வாங்கியிருப்பது உறைக்கு மாற்று. சட்டத்துக்கு மாற்று அல்ல. எவ்வளவு தடிமனாகச் செய்திருந்தாலும் கார்பன் உறை அந்த வேலையைச் செய்யாது. ஆகவே சட்டத்தைக் கழற்றவோ, நுரையைச் செதுக்கவோ கூடாது. உறை எங்கே முட்டுகிறது என்று கைவிளக்கு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உறையின் உட்புறம் மடங்கிவரும் விளிம்புதான் நுரையில் இடித்துக்கொண்டிருக்கும். அந்த விளிம்பில் சில மில்லிமீட்டர் தேய்த்துக் குறைப்பதில் தவறில்லை.

ஸ்க்ரூ போட்டு இழுப்பது ஏன் கூடாது என்பதற்கு இரண்டு பொருள்களின் குணத்தையும் பார்க்க வேண்டும். நிறுவனம் பொருத்திக் கொடுத்த உறை பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. அது வளையும், நீளும், கிளிப்பில் அழுத்தினால் விட்டுக்கொடுத்து உள்ளே போய் உட்காரும். கார்பன் இழை ஏறத்தாழ இரண்டு சதவீதம் நீள்வதற்குள்ளேயே அறுந்துவிடும். அதைப் பிணைத்திருக்கும் ரெசினும் பெரிதாக நீளாது. நான்கு மில்லிமீட்டர் இடைவெளியை ஸ்க்ரூவால் இழுத்து மூடினால் அந்த இழுவிசை எங்கும் போய்விடுவதில்லை. துளையின் ஓரத்திலேயே நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பிறகு டிக்கியை அறைந்து மூடும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் ஏற்படும் அதிர்வு அதோடு சேர்ந்துகொள்ள, வெடிப்பு துளையிலிருந்தே கிளம்புகிறது. நீங்கள் பார்த்த முடியிழைக் கோடும் இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கோடு மேற்பூச்சோடு நிற்கிறதா, அடுக்குகளுக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உட்புறத்தில் அதே இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். சுற்றியுள்ள பரப்பு சில நொடிகளில் உலர்ந்துவிடும். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த திரவம் கடைசியாகத்தான் உலரும் என்பதால் ஒரு கரிய கோடு மட்டும் சற்று நேரம் தங்கி நிற்கும். அப்படித் தெரிந்தால் வெடிப்பு ஊடுருவிவிட்டது என்று பொருள். அடுத்து, ஒரு நாணயத்தால் பம்பரின் எல்லா இடங்களிலும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை நடுவில் எங்காவது மந்தமாக மாறினால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளில் ஊடுருவிய வெடிப்போ, அகன்ற மந்தமான பகுதியோ இருந்தால், விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதே நல்லது. அதையும் டிரில்லைக் கையில் எடுக்கும் முன்பே செய்துவிட வேண்டும். துளை போட்ட பொருளை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

பொருள் தேறியது என்றால், எந்தத் துளையும் போடாமல் வெறுமனே வைத்துப் பார்க்கும் வேலைக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். டெயில் லாம்புகளையும் டிக்கிக் கதவையும் அவற்றின் இடத்தில் வைத்துக்கொண்டு, மாஸ்கிங் டேப்பால் பம்பரைத் தொங்கவிட்டு, முதலில் நடுவை நேராக்கி, பிறகு இரு பக்கங்களுக்கும் இடைவெளியைச் சமமாகப் பகிருங்கள். ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டரும் மறுபக்கம் ஏழும் இருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும். இரண்டு பக்கமும் ஐந்து இருந்தால் தெரியாது. முட்டும் ஓரங்களை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். குறைகிற இடங்களில் பிராக்கெட்டுக்கும் உறைக்கும் நடுவே நைலான் தகடு வைத்து இட்டு நிரப்புங்கள். எதையும் அழுத்திப் பிடிக்காமலேயே பம்பர் தன் இடத்தில் இருக்கிறது என்ற நிலை வரும் வரை இதைத் தொடர வேண்டும். பக்கவாட்டில் நிறுவனம் வைத்த பிளாஸ்டிக் வழிகிளிப்புகள் கார்பன் உறைக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. அவற்றுக்குப் பதிலாகச் சிறு பிராக்கெட்டும் போல்ட்டும் வைப்பது நல்லது.

துளைகளைப் பற்றிச் சில விவரங்கள். துளையின் மையம் விளிம்பிலிருந்து குறைந்தது துளை விட்டத்தின் மூன்று மடங்கு தள்ளி இருக்கட்டும். டேப் ஒட்டி, பின்னால் ஒரு மரத்துண்டை அண்டைகொடுத்து, கார்பைடு முனையால் முதலில் 3 மில்லிமீட்டர் துளை போட்டுப் பிறகு பெரிதாக்குங்கள். மரத்துண்டு இல்லாவிட்டால் டிரில் வெளியேறும் பக்கத்தில் இழைகள் பிய்ந்து வரும். கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், வயர் கனெக்டர்கள் திறந்து கிடக்கும் காரின் மீது வைத்துத் துளையிடாமல், தனியே எடுத்து வைத்துச் செய்யுங்கள். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

பலரும் கவனிக்காமல் விடுவது வெப்ப விரிவு. எஃகு ஒரு டிகிரி செல்சியசுக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரோமீட்டர் விரியும். கார்பன் ஃபைபர் அநேகமாக விரிவதே இல்லை. ஒன்றரை மீட்டர் அகலத்தில் 40 டிகிரி வேறுபாட்டுக்கு எஃகின் நீட்சி முக்கால் மில்லிமீட்டரை நெருங்குகிறது. எல்லாத் துளைகளையும் போல்ட்டின் அளவுக்கே இறுக்கமாகப் போட்டால் வெயிலும் குளிரும் மாறி மாறி வரும்போது துளையின் ஓரம் அறைவாங்கும். நடுவில் உள்ள துளையை மட்டும் சரியான அளவில் வைத்து, ஓரத் துளைகளைக் கிடைமட்டமாக ஒரு மில்லிமீட்டர் அளவு நீள்வட்டமாக்கிவிடுங்கள்.

இனி வலுவூட்டல். பின்புறம் முழுக்க மேட் ஒட்டுவதால் எடை கூடும். கார்பன் வாங்கியதன் பயனே போய்விடும். துளையில் சேரும் விசையோ அப்படியே இருக்கும். வலு தேவைப்படுவது மூன்றே இடங்களில்: துளைகளைச் சுற்றி, மேல் விளிம்பின் நீளவாக்கில், காற்றில் படபடக்கும் கீழ் ஓரத்தில். அத்துடன், வழக்கமாகக் கிடைக்கும் ஃபைபர் மேட் நெய்யாமல் துண்டு இழைகளை ஒட்டிச் செய்தது. அந்த இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பிணைப்புப் பசை பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகவே வைக்கப்பட்டது. எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசினில் அது சரியாகக் கரையாது. மேட் விறைப்பாகவே நிற்கும். பாலியஸ்டரையே ஊற்றிவிடலாமே என்றால், உங்கள் பம்பர் எபாக்சியில் செய்ததாக இருந்தால் அதன் மேல் பாலியஸ்டர் உறுதியாகப் பிடிக்காது. சில மாதங்களில் தோல் போல உரிந்து வரும். எபாக்சியோ இரண்டின் மேலும் பிடிக்கும். பம்பர் எந்த ரெசின் என்று தெரியாத நிலையில் எபாக்சியும் நெய்த துணியும்தான் பாதுகாப்பான தேர்வு.

ஒட்டும் இடத்தை 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் போகத் தேய்த்து, தூளை உறிஞ்சி எடுத்து, ஆல்கஹாலால் துடையுங்கள். வெடிப்பு இருக்கும் துளையில் உட்புற அடுக்குகளைச் சரிவாக, கிண்ணத்தின் உட்பக்கம் போல, தேய்த்துக் கீழே கொண்டுபோன பிறகே புதிய துணி போட வேண்டும். வெடிப்பின் மேல் ஒட்டுப்போட்டு மூடினால் அது அடியில் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கார்பன் துணி ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமன் தரும். துளையைச் சுற்றி நான்கு அடுக்கு போதும். ஆனால் எல்லா அடுக்குகளையும் ஒரே அளவில் வெட்டாதீர்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் வேறுபட்டுப் படிப்படியாக முடிய வேண்டும். தடித்த ஒட்டு சட்டென்று முடிகிற கோட்டில் விறைப்பும் சட்டென்று மாறும். அடுத்த வெடிப்பு அந்தக் கோட்டில்தான் வரும். நெசவின் திசையை ஓர் அடுக்கில் நேராகவும் அடுத்ததில் 45 டிகிரி திருப்பியும் வையுங்கள்.

நான்கு அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ரெசின் இறுகும்போது சூடாகிச் சுருங்கும். தடிமன் கூடக் கூடச் சூடும் கூடும். அதன் விளைவாக உள்ளே ஒட்டிய சதுரத்தின் வடிவம் வெளிப்புறப் பளபளப்பில் நிழல் போலத் தெரிய ஆரம்பிக்கும். பிறகு எவ்வளவு பாலிஷ் செய்தாலும் போகாது. ரெசினோடு கலந்து அதை இறுகவைக்கும் ஹார்டனரில் மெதுவாக வேலை செய்யும் வகையைப் பயன்படுத்தி, இரண்டிரண்டு அடுக்காகப் போடுங்கள். கலவை விகிதத்தைத் தராசில் நிறுத்து எடுங்கள், கண்மதிப்பு வேண்டாம். இறுகும் நேரத்தில் பம்பர் தரையில் கோணிக் கிடந்தால் கோணலாகவே இறுகும் என்பதால், பிராக்கெட்டுகளின் மேல் பாலித்தீன் தாளை விரித்து, காரிலேயே இழுவிசை இல்லாமல் உட்காரவைத்து இறுகவிடலாம். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சி பல வகைகளில் 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கருநிறப் பரப்பு அதை நெருங்கிவிடும். ஒரு நாள் கழித்து, தயாரிப்பாளர் சொல்லும் வெப்பத்தில் படிப்படியாகச் சில மணி நேரம் சூடுகாட்டினால் இந்தக் குறை பெரிதும் நீங்கும்.

மேல் விளிம்புக்கு, அதன் நீளத்துக்கே இரண்டு அடுக்குத் துணி. கீழ் ஓரம் வேறு கதை. காருக்கு அடியில் ஓடும் காற்று பின்பம்பரின் உட்குழிவில் சிக்கி அதைப் பின்னுக்குத் தள்ளும். பழைய உறையின் கீழ் ஓரம் அடித்தட்டோடு கிளிப்புகளால் கட்டுண்டு இருக்கும். தனியாக வாங்கும் உறைகளில் பலவற்றில் அந்த ஏற்பாடே இருக்காது. ஆகவே கீழ் ஓரத்திலிருந்து உடற்பகுதிக்கு இரண்டு இடங்களிலாவது சிறு தாங்கிகள் கொடுங்கள்.

உலோகம் தொடும் எல்லா இடங்களிலும் கடைசி அடுக்காக மெல்லிய கிளாஸ் ஃபைபர் துணி ஒன்று வையுங்கள். கார்பனும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியத்தைத் தின்றுவிடும்; துத்தநாகம் பூசிய ஸ்க்ரூக்களுக்கும் இதே கதிதான். கிளாஸ் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், 20 முதல் 25 மில்லிமீட்டர் அகன்ற வாஷர், அதன் கீழ் ரப்பர் அல்லது நைலான் வாஷர், நைலான் செருகிய நட் என்ற வரிசையில் போடுங்கள். அந்த நட் எளிதில் தளராது என்பதால் முறுக்கி நசுக்க வேண்டிய தேவை இல்லை. ரப்பர் பிதுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். துளையின் உள்சுவரில் சிறிது எபாக்சி தடவி மூடினால் நீர் இழைகளுக்குள் இறங்காது.

பார்க்கிங் சென்சார் ஒலியலையில் இயங்குவது. துளையில் முகம் வெளியே தெரிய உட்காருவதால் கார்பன் அதைத் தடுக்காது. ஆனால் பழைய உறையில் இருந்த அதே கோணத்தில், அதன் ரப்பர் வளையத்தோடு உட்கார வேண்டும். வளையம் இல்லாமல் நேராகக் கார்பனைத் தொட்டால் பம்பரின் அதிர்வையே தடையாகக் காட்டும். கோணம் கீழே சாய்ந்தால் தரையைத் தடையாகக் காட்டும். ரேடாரின் நிலை வேறு. அது 24 அல்லது 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உறைக்குப் பின்னாலிருந்து ஊடுருவிப் பார்க்கிறது. கார்பன் மின்கடத்தி என்பதால் அந்த அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ரேடாருக்கு நேராக இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய உறையின் அதே பகுதியிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டைப் பின்னாலிருந்து பொருத்துவது எனக்குத் தெரிந்ததில் நேர்மையான தீர்வு. ரேடார் அந்தப் பொருளுக்கும் அந்தத் தடிமனுக்கும்தானே அமைக்கப்பட்டது. பாலிப்ரொப்பிலீனில் பசை எளிதில் பிடிக்காது. ஆகவே ஒட்டாமல் சிறு பிளாஸ்டிக் திருகுகளால் பிணைத்து, அதன்பின் சர்வீஸ் மையத்தில் ரேடாரை மறுசீரமைக்கச் சொல்லுங்கள். வெட்ட மனம் வரவில்லை என்றால் அந்த எச்சரிக்கை வசதியை நம்பி வண்டி ஓட்டாதீர்கள். காலை அசைத்து டிக்கியைத் திறக்கும் வசதி இருந்தாலும் இதே சிக்கல் வரலாம்.

சைலன்சர் குழாயின் வாய்க்கும் உறைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டரை சென்டிமீட்டராவது விடுங்கள். எஞ்சின் ஆடும்போது குழாயும் ஆடும். உட்புறம் வெப்பத்தைத் திருப்பும் தகடு ஒட்டினால் ரெசின் பழுப்பேறாது. வெளிப்புறத்துக்குப் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் தேவை. பின்பக்கச் சிவப்புப் பிரதிபலிப்பான்கள், நம்பர் பிளேட் விளக்கு, இழுவைக் கொக்கித் துளை ஆகியவை பழைய இடத்திலேயே இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு இந்த மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு குனிந்து பார்த்தால், கோடு உடைந்திருக்கும் நட் தளர்ந்திருக்கிறது என்று ஸ்பேனர் வைக்காமலேயே தெரிந்துவிடும். தளர்ந்ததை இறுக்கும் முன் அந்த வாஷரைக் கழற்றி, துளையின் ஓரத்தை அதே ஆல்கஹால் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.