நள்ளிரவில் நிலம் கேட்ட டேனியல் ஃப்ரீமன்

அமெரிக்காவின் முதல் 'ஹோம்ஸ்டெட்' குடியேறி ஒரு போர்வீரராமே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டேனியல் ஃப்ரீமனைத்தான் சொல்கிறீர்கள். 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட 'ஹோம்ஸ்டெட்' சட்டப்படி, அரசு நிலத்தில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். 1863 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுப் போரில் வடதரப்புச் சிப்பாயான தான், விடுப்பு முடிந்து படைக்குத் திரும்பும் அவசரத்தில், நள்ளிரவு தாண்டியதும் நெப்ராஸ்காவின் பிரௌன்வில் நில அலுவலகத்தைத் திறக்கவைத்து மனுப் போட்டதாக அவரே சொல்லிவந்தார். கதையில் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்ந்திருக்கலாம். மனு போட்ட தேதியில் சந்தேகமில்லை.

பட்டாவுக்காகக் கொடுத்த சாட்சியப் பத்திரம்தான் எனக்குப் பிடித்தது: 14-க்கு 20 அடியில் பாதி மரக்கட்டை வீடு, நூறடி நீள ஆட்டுக் கொட்டகை, 40 ஆப்பிள் மரங்கள், ஏறக்குறைய 400 பீச் மரங்கள். 1869-இல் பட்டா கிடைத்தது.

போரில் இறந்த தம்பிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஆக்னஸுக்குக் கடிதம் எழுதி எழுதியே அவரை மணந்தார். முதுமையிலும் சும்மா இருக்கவில்லை. அரசுப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்ததை எதிர்த்து வழக்காடி, 1902-இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றத்தில் வென்றார்.

அந்த மண் அதற்கு முன் ஓட்டோ-மிசூரியா பழங்குடியினருடையது. 'இலவச நிலம்' என்று படிக்கும்போது இதையும் சேர்த்துப் படியுங்கள்.