15 வயதுப் பிள்ளையை மலையேற்ற, பாய்மரப் பயணங்களுக்குத் தனியாக அனுப்பலாமா?

கேள்வி: மகனுக்கு 15 வயது. வெளிநாடுகளில் இந்த வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் துணையில்லாமல் இரண்டு மூன்று வாரம் முதுகுப்பையோடு காட்டுக்கும், பாய்மரப் படகில் கடலுக்கும் கூட்டிப் போகிறார்கள். நாங்கள் கோவைப் பக்கம். இங்கே இருந்து அப்படி அனுப்புவது சரியா? எங்கள் வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை.

பதில்:

அனுப்பலாம். ஒரு தடவை தப்பான ஆட்களோடு அனுப்பிவிட்டு, மறுதடவை சரியான ஆட்களோடு அனுப்பிய அம்மா என்பதால் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலும் யாருக்கும் சம்மதமில்லை. உங்களுக்காவது மகன். எனக்கு மகள்.

எனக்குப் பிறந்த ஊர் அவிநாசிப் பக்கம். சிவராத்திரி வந்துவிட்டால் எங்கள் வீட்டு ஆண்கள் வெள்ளியங்கிரிக்குக் கிளம்பிவிடுவார்கள். அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மலை ஏறி, ஆண்டி சுனையில் குளித்து, விடியும்போது உச்சியில் நின்று கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள். பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்கள் ஏறக்கூடாது என்பது அங்கே வழக்கம். நானும் அம்மாவும் அடிவாரப் பூண்டியில் சோற்று மூட்டைக்குக் காவல் இருப்போம். அண்ணன் முதல் தடவை ஏறும்போது 13 வயது. இறங்கி வந்தபோது கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தது, முகம் மட்டும் வேறு யாருடைய முகமோ போல் இருந்தது. அந்த முகம் எனக்கு மறக்கவே இல்லை. வழக்கத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு ஒரு பெண் பிறந்தால் அவளுக்கும் அந்த முகம் ஒரு நாளாவது வாய்க்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நாங்கள் திருப்பூரில் நான்கு தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் செய்கிறவர்கள். வசதி இருக்கிறவர்கள் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

மகள் ஒன்பதாவது படிக்கும்போது, ஐப்பசி மாதம், ஒரு தனியார் குழு பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் மலையேற்றம் கூட்டிப் போகிறார்கள் என்று அனுப்பினேன். பேர் வேண்டாம். 38 பிள்ளைகள், கூடப் போனது இரண்டே பேர். நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. பையில் எங்கள் யூனிட்டிலேயே தைத்த 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) காட்டன் டீசர்ட் இரண்டு வைத்துவிட்டேன். பனியன் ஊர்க்காரிக்குக் காட்டன்தானே உசத்தி.

மதியம் இரண்டு மணிக்கு மழை பிடித்திருக்கிறது. கூடப் போன இருவரில் ஒருவர் வேகமாக நடக்கிற பையன்களோடு முன்னால் போய்விட்டார், இன்னொருவர் நடுவில். கடைசியில் யாரும் இல்லை. என் மகளும் இன்னும் இரண்டு பெண்களும் பின்தங்கி, வழி புரியாமல் ஒரு பாறை அடியில் உட்கார்ந்துவிட்டார்கள். காற்று அடிக்க அடிக்க நனைந்த சட்டையோடு மூன்று பேரும் நடுங்கியிருக்கிறார்கள். ஒருத்திக்குப் பேச்சே குழறத் தொடங்கிவிட்டது. மாடு தேடி வந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, “ஏஞ்சாமி, இங்க உக்காந்திருக்கறீங்க?” என்று கேட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அவர் வீட்டம்மா ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லி, தன் சேலைகளைச் சுற்றிவிட்டு, அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, கருப்பட்டிக் காப்பி கொடுத்திருக்கிறார். கீழே பஸ்ஸில் ஏற்றும்போது எண்ணியபோதுதான் 35 பேர் என்று தெரிந்ததாம். அதுவரை யாருமே எண்ணவில்லை.

ராத்திரி ஏழரைக்கு, யாரோ ஒருவர் சேலையில் என் மகள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் ஈரச் சட்டையைச் சுருட்டி வைத்த கேரி பேக். வீட்டுக்கு வந்து அவளைத் தூங்க வைத்தபிறகு, அந்தச் சட்டையைப் பிழியாமல் அப்படியே நூல் எடை போடும் தராசில் வைத்தேன். காய்ந்தால் 160 கிராம் இருக்க வேண்டிய சட்டை 430 கிராம் காட்டியது. என் பிள்ளை உடம்பில் அந்தத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருந்தது. காட்டனுக்கு ஈர ஏற்பு (சும்மா காற்றிலிருந்தே இழுக்கும் ஈரம்) 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4 என்பது நூல் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் அதை என் பிள்ளையின் உடம்போடு சேர்த்து நினைக்கவில்லை. நனைந்த காட்டன் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சூடு இறங்க இறங்க முதலில் நடுக்கம் வரும், அப்புறம் பேச்சு குழறும், அதற்கப்புறம் நடுக்கமே நின்றுவிடும். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, அதுதான் மிகவும் ஆபத்தான கட்டம். இதற்குப் பனிமலை தேவையில்லை. நம் பக்கத்து மலையில் மழையும் காற்றும் சேர்ந்தால் போதும்.

மச்சாண்டார் (வீட்டுக்காரரின் அண்ணன்) வந்து, “ஏனம்மிணி, பொட்டப்புள்ளைய மலைக்கு அனுப்பிப் போட்டு இப்ப அழுதா ஆச்சா? குரங்கணி மறந்து போச்சா?” என்றார். மறக்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் செத்தார்கள். நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. மச்சாண்டாருக்குப் பதில் சொல்ல அன்றைக்கு எனக்கு வாயில்லை.

பதில் மகளிடமிருந்து வந்தது. ஒரு மாதம் கழித்து, “அம்மா, நான் மறுக்கா போவணும்” என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. “பாறைக்கடியில உக்காந்திருந்தப்போ, பேச்சு குழறுனாளே, அவ கையைத் தேய்ச்சு விட்டுட்டே இருந்தேம்மா. எனக்கும் குளுருச்சு, ஆனா நிறுத்தவே இல்ல. எனக்கு அது தெரியும்னு எனக்கே தெரியாது” என்றாள்.

நீங்கள் கேட்கிற வெளிநாட்டுப் பயணங்களுக்கு வேரே இதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப்போரில் கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும்போது, வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், உடம்பில் வலுவுள்ள இளவட்டங்கள் முதலில் சாகிறார்கள் என்று லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளி கவனித்தார். கஷ்டத்தைத் தாங்கிப் பழக்கமில்லை என்பதுதான் காரணம் என்று நினைத்தார். அவரும் குர்ட் ஹான் என்ற கல்வியாளரும் சேர்ந்து 1941-இல் வேல்ஸில் அபர்டோவி என்ற கடலோர ஊரில் பையன்களுக்குக் கடலிலும் மலையிலும் ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சி தொடங்கினார்கள். அவுட்வர்ட் பவுண்ட் என்று இன்றைக்குப் பல நாடுகளில் நடப்பது அதுதான்.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த மே மாதம், யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் நடத்தும் சார் பாஸ் மலையேற்றத்துக்கு அனுப்பினேன். இமாச்சலில் கசோல் அடிவார முகாம். கணவாய் சுமார் 13,800 அடி. மகளுக்கு அப்போது 16 வயது.

பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பிக்கிற நேரத்தில் மலையா என்று கேட்காத ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) கிடையாது. இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் இரண்டு வருஷம் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் அண்ணன் மகன் அப்படித்தான் இருந்தான். விடிகாலை நாலரைக்கு எழுப்பி ராத்திரி பதினொன்று வரை படிப்பு, ஞாயிற்றுக்கிழமை போனில் ஐந்து நிமிஷம். பொங்கலுக்கு வந்தவன் சாப்பிடும்போதுகூட யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதற்குப் பேர் பொறுப்பான பெற்றோர். பதினைந்து நாள் மலைக்கு அனுப்பினால் நான் பிள்ளையைத் தண்ணி தெளித்து விட்டவள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெசனம் பிடித்துப் போனது. அந்தப் பள்ளிகளில் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள் நிறைய உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதை ஆபத்து என்கிறோம் என்பதை ஒரு தடவை யோசிக்கக் கூடாதா?

இந்தத் தடவை நானே தயார் செய்தேன். மூன்று மாதம், ஞாயிறுதோறும் சென்னிமலையில் 1,320 படியும் பையோடு ஏறி இறங்கினாள். பையில் தண்ணீர் பாட்டில்கள்தான் எடை. உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பார்கள். அவள் 44 கிலோ, எட்டரை கிலோவோடு நிறுத்தினேன். 140 ஜிஎஸ்எம் பாலியஸ்டர் பிட்டுத் துணியில் மூன்று சட்டை தைத்தேன். ஓவர்லாக் தையல் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும், பை வார் அழுத்தினால் தோளை அறுத்துவிடும். அதனால் தட்டையாகப் படிகிற பிளாட்லாக் தையல் போட்டேன். தோள் தையலையும் வார் படாத இடமாக ஒன்றரை அங்குலம் பின்னால் தள்ளி வைத்தேன். வியாபாரத்துக்காகப் பாலியஸ்டர் பேசுகிறாள் என்று காட்டன்காரர்கள் கோபிக்க வேண்டாம், எங்களுக்கும் சோறு போடுவது காட்டன்தான்.

எங்கள் தெருவில் வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவரும் அதே குழுவில் பதிந்திருந்தார். கேரளா எக்ஸ்பிரஸில் இருவரையும் ஏற்றிவிட்டோம். மலைப் பாதையில் கிரஹன் கிராமம் தாண்டியபிறகு நான்கு நாள் போன் இல்லை. அந்த நான்கு நாளும் நான் மெஷினில்தான் உட்கார்ந்திருந்தேன். என்ன தைத்தேன் என்று தெரியாது.

மலை இறங்கிப் பர்ஷைனி என்ற ஊருக்கு வந்து சேர்ந்து கூப்பிட்டாள். “கால் நகம் ஒண்ணு கறுத்துப் போச்சும்மா, வேறொண்ணுமில்ல.” அப்புறம் அவளாகவே சொன்னது இது: கணவாய்க்கு முந்தின நகாரு முகாமில் ஒரு குஜராத்திப் பையனுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்திருக்கிறது. உயரத்தால் வருகிற சீக்கு. அவன் அழுது கெஞ்சியும் கேட்காமல், ஒரு ஆளைத் துணைக்குப் போட்டு அன்றைக்கே கீழே இறக்கிவிட்டார்களாம். “எங்களை எத்தனை தடவை எண்ணுவாங்க தெரியுமா? தண்ணி குடிக்க நின்னாலும் எண்ணுவாங்க. கடைசில ஒருத்தர் வருவாரு, அவரைத் தாண்டி யாரும் பின்னாடி நிக்க முடியாது.”

அதனால் நீங்கள் யாரோடு அனுப்புவதாக இருந்தாலும், கடைசியில் நடப்பது யார் என்று முதலில் கேளுங்கள். மழை வந்தால் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், பிள்ளைக்கு முடியாவிட்டால் தனியாகக் கீழே கூட்டி வர ஆள் உண்டா, முதலுதவி யார் படித்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் மகனுக்கு மூச்சிரைப்பு, ஒவ்வாமை உண்டா என்று அவர்கள் உங்களைக் கேட்காவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

முதல் தடவையே இமயமலை வேண்டாம். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. டாப்ஸ்லிப் – பண்டாரவரை, ஆழியாறு கால்வாய்க் கரை எல்லாம் உங்களுக்குப் பக்கம். அந்தந்தக் காட்டில் வாழும் பழங்குடி இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள், அதற்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

பாய்மரத்துக்கு நம் பக்கம் கடல் இல்லை. சென்னையில் 1911-இலிருந்து இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப் உண்டு. பள்ளியில் என்சிசி கடற்படைப் பிரிவு இருந்தால் அதிலும் படகு பழகலாம். ஆனால் உங்கள் மகனுக்கு நீச்சல் தெரியுமா? எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) எங்களை இடுப்பில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுவை) கட்டித்தான் கிணற்றில் தள்ளினார். நான் ஆறு வயதில் பழகினேன். இன்றைக்குக் கிணறெல்லாம் கம்பி வலை, இல்லாவிட்டால் குப்பைக் குழி. எல்லாம் போர்வெல். ஒவ்வொரு கோடையிலும் பவானி ஆற்றிலும் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்காலிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். நீச்சல் பழகாமல் படகுப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள்.

புது ஷூவோடும் அனுப்பாதீர்கள், ஒரு மாதமாவது போட்டு நடக்க விடுங்கள். சட்டை வேண்டுமென்றால் மார்பளவும் உயரமும் எழுதுங்கள். பாலியஸ்டர் பிட்டு இன்னும் மீதி இருக்கிறது, தைத்து அனுப்புகிறேன்.