கொழுப்பு எரியாவிட்டால் சர்க்கரை ஏன் இறங்குகிறது? கேள்வி பதில்

கேள்வி: கொழுப்பு அமிலம் எரிவதைத் தடுத்தால் ரத்தச் சர்க்கரை குறையும் என்று படித்தேன். கொழுப்பு எரிந்தால்தானே சார் நல்லது?

பதில்: எடைக் கணக்கில் சரி, சர்க்கரைக் கணக்கு வேறு. வெறும் வயிற்றில் இருக்கும்போது ரத்தத்துக்குக் குளுக்கோஸ் தருவது பெரும்பாலும் கல்லீரல்தான். கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்த குளுக்கோஸ் தீரத் தீர, லாக்டேட், அமினோ அமிலம், கிளிசரால் இவற்றிலிருந்து புதிதாகச் செய்யும். லாக்டேட்டிலிருந்து ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு செய்ய 6 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) வேண்டும். அந்தச் செலவைக் கொழுப்பு எரிவதுதான் கொடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கொழுப்பு எரியும்போது வரும் அசிட்டைல் கோ-ஏ என்ற சிறு மூலக்கூறு, பைருவேட் கார்பாக்சிலேஸ் என்ற நொதியை முடுக்கிவிடும். லாக்டேட்டிலிருந்து வரும் பைருவேட் குளுக்கோஸாகத் திரும்பும் பாதையில் முதல் படி அந்த நொதிதான். அசிட்டைல் கோ-ஏ குறைந்தால் அதுவும் மந்தமாகிவிடும். கொழுப்பை நிறுத்தினால் எரிபொருளும் போச்சு, முடுக்கிவிட ஆளும் போச்சு.

கேள்வி: அப்போ கொழுப்பே குளுக்கோஸாக மாறுகிறதா?

பதில்: இல்லை. தேர்வில் பாதிப் பேர் வழுக்கி விழும் இடம் இது. நம் உடலில் அசிட்டைல் கோ-ஏ-யிலிருந்து குளுக்கோஸை நிகரமாக உண்டாக்க வழியில்லை. கொழுப்பு தருவது ஆற்றல். கொழுப்பில் உள்ள கிளிசரால் பகுதி விதிவிலக்கு.

கேள்வி: தசைக்குப் பங்கு இல்லையா?

பதில்: உண்டு. கொழுப்பும் குளுக்கோஸும் எரிவதற்குப் போட்டி போடுகின்றன என்று 1963-ல் பிலிப் ராண்டில் குழு எழுதியது. ஒன்றை நிறுத்தினால் தசை மற்றதைக் கூடுதலாக எரிக்கும்.

கேள்வி: எந்த இடத்தில் தடுக்கிறார்கள்?

பதில்: நீளமான கொழுப்பு அமிலம், அது எரியும் இடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக சிபிடி-1 என்ற நொதி வேண்டும். எடோமாக்சிர் என்ற மருந்து அதை அடைக்கும். சாப்பிட்ட பிறகு இன்சுலினும் மலோனைல் கோ-ஏ என்ற மூலக்கூறைக் கூட்டி இதே நொதியைத்தான் அடக்குகிறது. ஆனால் தேவைக்கேற்ப, அதுவும் தற்காலிகமாக.

கேள்வி: பிறகு ஏன் அது சர்க்கரை மாத்திரையாக வரவில்லை?

பதில்: எரியாத கொழுப்பு எங்காவது தங்கத்தானே வேண்டும்? கல்லீரலிலும் இதயத்திலும் தேங்கும். இதயச் செயலிழப்புக்காக எடோமாக்சிரைச் சோதித்தபோது சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறின. சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சர்க்கரை எவ்வளவு இறங்கும் என்பதும் நம் கையில் இல்லை. பழுக்காத அக்கி பழத்தில் உள்ள ஹைப்போகிளைசின் என்ற நஞ்சும் கொழுப்பு எரிவதைத்தான் கெடுக்கிறது. ஜமைக்காவில் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. எம்கேட் (நடுத்தர நீளக் கொழுப்பு அமிலத்தை எரிக்க உதவும் நொதி) குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளையும் பாருங்கள். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை சரியும், அதை ஈடுகட்ட, கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் மாற்று எரிபொருளான கீட்டோனும் போதுமான அளவு வராது. மூளைக்கு இரண்டு பக்கமும் அடி. எனக்கு இந்த வழியில் பயம் வருவது இங்கேதான்.

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சுவலிக்கு டிரைமெட்டாசிடின் தருகிறார்கள். அதுவும் கொழுப்பு எரிவதைக் குறைக்குமாமே, சர்க்கரை மாத்திரையைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. அது இதயத்துக்காகக் கொடுத்த மருந்து. அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையில் கை வைக்காதீர்கள். அளவை மாற்றுவதானால் அவருடைய டாக்டர்தான் மாற்ற வேண்டும்.